மலைப் பந்தயத்துக்கு முன் ஒரு ஒத்திகை: எந்த அறிகுறி, எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது

துணை வண்டி இல்லாமல் மலைகளைக் கடக்கும் நெடுந்தூர சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் பந்தயங்களின் விதி ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். பின்னால் யாரும் வண்டியில் வர மாட்டார்கள். நண்பர் ட்யூப் கொண்டுவந்து தரக் கூடாது. அடுத்தவர் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றுக்கு மறைவாக ஓட்டக் கூடாது. வழியில் எல்லோருக்கும் திறந்திருக்கும் கடை, விடுதி, பழுது பார்க்கும் இடம் ஆகியவற்றை நீங்களும் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். கணவாயின் உச்சியில் ஏதாவது உடைந்தால், பையில் இருப்பதை வைத்துத்தான் இறங்க வேண்டும்.

கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து மெக்சிகோ எல்லையில் உள்ள ஆன்டலோப் வெல்ஸ் வரை போகும் டூர் டிவைட் என்னும் இத்தகைய பந்தயத்தின் பாதை 4,300 கி.மீ.க்கும் மேல் நீளம். 2016இல் மைக் ஹால் என்னும் வீரர் அதை 13 நாள் 22 மணி 51 நிமிடத்தில் முடித்தார். தூங்கிய நேரம், சாப்பிட்ட நேரம் எல்லாம் சேர்த்து வகுத்தால் மணிக்குச் சுமார் 13 கி.மீ. வருகிறது. நம்மில் பலர் வேலைக்குப் போகும் வேகம் அது. வேகமாக ஓட்டுவதைவிட நிற்காமல் இருப்பதுதான் அங்கே கடினம். நம்மை நிறுத்துபவை எல்லாம் சின்னச் சின்னக் கோளாறுகள்: மரத்த விரல், தேய்ந்த பிரேக் பேட், ஒப்புக்கொள்ளாத வயிறு.

அவை எல்லாவற்றையும் முன்கூட்டியே வரவழைத்துவிட முடியும். பந்தயத்துக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பு, மூன்று பகல் இரண்டு இரவு, பந்தயத்தில் கொண்டுபோகப்போகும் அத்தனை சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு ஒத்திகைப் பயணம் போங்கள். மலையும் மண்பாதையும் அதில் இருக்கட்டும். மழை வந்தால் தள்ளிப்போடாதீர்கள். கடைசி வாரத்தில் ஒத்திகை போவதால் பயனில்லை. நரம்பு தேறவும், மாற்றிய இருக்கைக்கு உடம்பு பழகவும், உதிரிபாகம் வந்து சேரவும் அந்த ஆறு வாரம் வேண்டும்.

புறப்படும் முன், சீட்டைத் தாங்கும் குழாயான சீட்போஸ்ட் சைக்கிள் சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட்டைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுங்கள். எந்த மாற்றம் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். சீட்டையும் கிளீட்டையும் ஒரே நாளில் நகர்த்தினால் எது வலியைத் தீர்த்தது, எது புது வலியைக் கொடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

## முழங்கால் வலிக்கிறது

வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முன்பக்கம், முழங்கால் சில்லைச் சுற்றி வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது, இல்லையென்றால் கனமான கியரில் மிதிக்கிறீர்கள். பின்பக்கக் குழியில் வலித்தால் சீட் உயர்ந்திருக்கிறது. வெளிப்பக்கமோ உட்பக்கமோ வலித்தால் கிளீட்டின் கோணத்தைச் சந்தேகப்படுங்கள். மேசை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தளர்வாகத் தொங்கவிடும்போது பாதம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ, கிளீட் அந்தக் கோணத்தைத் தடுக்கக் கூடாது. சீட்டை ஒருமுறைக்கு 3 மி.மீ.க்கு மேல் நகர்த்த வேண்டாம். இரண்டு பயணம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த 3 மி.மீ.

ஆனால் மலைப் பந்தயக்காரர்களின் முழங்கால் வலியில் பாதி சீட்டில் இல்லை, பல்சக்கரத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீங்கள், சைக்கிள், பைகள், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 95 கிலோ. 10 சதவீத ஏற்றம், மண்பாதை. உங்கள் மிகச் சின்ன கியர் முன்னே 40 பல், பின்னே 42 பல் என்றால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே மணிக்கு 7.5 கி.மீ. போக வேண்டும். அதற்குச் சுமார் 220 வாட் தேவை. முதல் நாள் காலையில் முடியும். மூன்றாம் நாள் மாலையில் நம்மில் மிகச் சிலருக்கே முடியும். மற்றவர்கள் நிமிடத்துக்கு 40 சுற்றில், நின்றுகொண்டு, ஒவ்வொரு மிதியிலும் முழங்காலை இடித்துக்கொண்டு ஏறுவோம். அதே ஏற்றத்தில் முன்னே 32, பின்னே 51 என்று வைத்தால் 60 சுற்றுக்கு மணிக்கு 5 கி.மீ.தான், தேவைப்படுவது சுமார் 145 வாட். உட்கார்ந்தபடியே ஏறலாம். இவ்வளவு சின்ன கியர் எனக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். இந்த ஒரு மாற்றம் என்னுடைய இடது முழங்காலைக் காப்பாற்றியது. முன்பக்கப் பல்சக்கரத்தைச் சின்னதாக்கினால் சமதளத்தில் கொஞ்சம் வேகம் குறையும். மலைப் பந்தயத்தில் அந்த இழப்பை நீங்கள் உணரவே மாட்டீர்கள்.

அளவெல்லாம் சரியாக இருந்தும் எட்டாவது, பத்தாவது மணி நேரத்தில் மட்டும் வலி வருகிறதா? பயிற்சியைத் திடீரென்று கூட்டியிருக்கிறீர்கள். இதயமும் மூச்சும் சில வாரத்தில் முன்னேறிவிடும், தசைநாண்களுக்கு மாதங்கள் ஆகும். அவை பின்தங்கியிருக்கின்றன, காத்திருங்கள். முழங்கால் வீங்கினாலோ, ஓய்வில் இருக்கும்போதும் வலித்தாலோ, படியிறங்க முடியாமல் போனாலோ சீட்டை நகர்த்திக்கொண்டு இருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

## சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன

இதை அலட்சியம் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நீண்ட பயணத்தின் இரண்டாம் நாளிலேயே எனக்கு வலதுகைச் சுண்டுவிரல் மரத்தது. உதறிவிட்டுத் தொடர்ந்தேன். வீடு திரும்பிய பிறகு இரண்டு மாதம் சாவியைத் திருப்ப, பொத்தான் போட, பேனா பிடிக்க அந்தக் கை சரியாக ஒத்துழைக்கவில்லை.

நடப்பது இதுதான்: அல்நார் நரம்பு, சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கையின் அடிப்பகுதியில், கியோன் கால்வாய் என்னும் குறுகலான இடத்தின் வழியாகக் கைக்குள் நுழைகிறது. உடம்பின் எடையும் கரடுமுரடான பாதையும் சேர்ந்து அந்த இடத்தை ஹேண்டில்பாரின் மேல் மணிக்கணக்கில் நசுக்குகின்றன. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு, மணிக்கட்டு அளவுக்கு மேல் மடங்கியிருக்கிறது என்று பொருள்.

முதலில் கையில் விழும் எடையைக் குறைக்க வேண்டும். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் நீங்கள் முன்னால் வழுக்கி வந்து கையால் தாங்குகிறீர்கள். சீட்டைச் சமமாக்குங்கள். ஹேண்டில்பாரை 1 முதல் 2 செ.மீ. உயர்த்துங்கள். டயர் அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். அகலமான டயரில் கொஞ்சம் காற்று குறைத்தால் கைக்குப் போகும் அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதை ஒரே இறக்கத்தில் உணர்வீர்கள். கையுறையின் மெத்தை தடிமனாக இருந்தால் நல்லது என்ற நினைப்பு எல்லோருக்கும் பொருந்தாது. தவறான இடத்தில் இருக்கும் மெத்தை நரம்பை இன்னும் அழுத்தும்.

பிடிக்கும் இடங்களும் பல வேண்டும். நேரான ஹேண்டில்பார் என்றால் ஓரக்கொம்பு பொருத்துங்கள். ஏரோபார் என்னும் முன்கை தாங்கியைச் சமதளத்தில் வேகத்துக்காகவே வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதன் முதல் பயன் கைக்கு ஓய்வு கொடுப்பதுதான்.

ஒத்திகையின் ஒவ்வொரு மாலையும் ஒரு சோதனை: ஒரு தாளை மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மறுகையால் இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் மரப்பு பலவீனமாக மாறத் தொடங்கிவிட்டது. அந்த ஒத்திகை அங்கேயே முடிந்தது. பந்தயத்தில் என்றாலும் இதையே சொல்வேன், ஏனென்றால் பிரேக் பிடிப்பதும் அந்தக் கைதான்.

## உட்காரும் இடத்தில் புண்

மூன்று காரணங்கள் ஒன்றுசேர்ந்து வருபவை இந்தப் புண்கள்: அழுத்தம், உரசல், ஈரம். ஒரே ஒரு பக்கம் மட்டும் புண் வந்தால் சீட் உயரமாக இருந்து இடுப்பு இடமும் வலமும் ஆடுகிறது, அல்லது சீட் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. இரண்டு பக்கமும் எலும்பு படும் இடத்தில் வலித்தால் சீட்டின் அகலம் உங்கள் இடுப்புக்குப் பொருந்தவில்லை. தொடை இடுக்கில் சிராய்த்தால் சீட்டின் மூக்கு அகலம், அல்லது கால்சட்டையின் தையல்.

இரவு தங்கியதும் முதல் வேலை, அந்த இடத்தைக் கழுவித் துடைத்து உலரவிடுவது. அதே கால்சட்டையோடு தூங்குவது இந்தப் பந்தயங்களில் அதிகம் பேர் செய்யும் தவறு. களைப்பில் அப்படியே சாய்ந்துவிடத் தோன்றும், புரிகிறது. ஆனால் பத்து நிமிடம் செலவழித்து உலர்ந்த ஆடைக்கு மாறினால் மறுநாள் ஆறு மணி நேரம் உட்கார முடியும். சீழ் கோத்த கட்டி, காய்ச்சல், பரவும் சிவப்பு ஆகியவை மருத்துவரின் வேலை. கட்டியை நீங்களே கிள்ளாதீர்கள்.

பந்தயத்துக்கென்று புதுச் சீட் வாங்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். பழகிய சீட்டே போதும்.

## பாதம் எரிகிறது, குதிகால் தசைநாண் இழுக்கிறது, கழுத்து தாங்கவில்லை

பாதத்தின் முன்பகுதி எரிந்தால் ஷூவைத் தளர்த்துங்கள், கிளீட்டைக் குதிகால் பக்கமாக நகர்த்துங்கள். நீண்ட பயணத்தில் பாதம் வீங்கும், ஆகவே அரை அளவு பெரிய ஷூ வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும் இடங்கள் மலைப் பந்தயத்தில் நிச்சயம் இருக்கும், நடக்க வசதியான அடிப்பாகமும் தேவை. குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் வலித்தாலும் தீர்வு அதே திசைதான்: கிளீட் பின்னால், சீட் சற்றுக் கீழே.

கழுத்து விஷயம் அப்படி எளிதல்ல. 1983இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா சைக்கிள் பந்தயத்தில் மைக்கேல் ஷெர்மருக்குக் கழுத்துத் தசைகள் முழுவதுமாகக் கைவிட்டன, தலையை நிமிர்த்தவே முடியவில்லை. அதனால் இந்தக் கோளாறுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. வந்துவிட்டால் பந்தயத்துக்குள் அது தேறாது. ஒத்திகையின் இரண்டாம் நாளில் கழுத்தின் பின்புறம் சூடாக, கனமாக இருந்தால் ஹேண்டில்பாரை உயர்த்துங்கள், ஹெல்மெட் விளக்கின் எடையைக் குறையுங்கள், முதுகில் பை சுமப்பதை விடுங்கள், கழுத்துக்கான பயிற்சியை இன்றே தொடங்குங்கள்.

## குமட்டுகிறது, எதுவும் இறங்கவில்லை

உடம்பில் சேமித்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஏறக்குறைய 400 முதல் 500 கிராம். மீதி தேவை வாய் வழியாகத்தான் வர வேண்டும். மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது இந்த மெதுவான வேகத்துக்கு நடைமுறையான அளவு. குமட்டல் வந்தால் கீழ்க்கண்டவாறு வரிசையாகப் பிரித்துப் பாருங்கள்.

வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போது வந்ததா? இரத்தம் காலுக்குப் போய்விட்டது, வயிறு வேலை செய்யவில்லை. இருபது நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். இனிப்பை நினைத்தாலே குமட்டுகிறதா? நாக்கு சலித்துவிட்டது. உப்பாக, சூடாக எதையாவது சாப்பிடுங்கள். பையில் எப்போதும் பாதி இனிப்பு, பாதி உப்பு என்று வைப்பது இதற்காகத்தான். வெயிலில், வாய் வறண்டு, சிறுநீர் அடர்ந்த மஞ்சளாக இருக்கிறதா? நீர் குறைந்திருக்கிறது.

நான்காவதுதான் ஆபத்து. குமட்டலோடு தலைவலி, விரல்களும் முகமும் வீங்கியிருக்கின்றன, சிறுநீர் தெளிவாக நிறைய போகிறது, நீங்களும் தாகமில்லாமலேயே புட்டி புட்டியாகக் குடித்திருக்கிறீர்கள். இது நீர்ப் பற்றாக்குறை போலவே தோன்றும், ஆனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போயிருக்கிறது. இன்னும் வெறும் தண்ணீர் குடித்தால் மோசமாகும். குடிப்பதை நிறுத்தி உப்பான உணவு சாப்பிடுங்கள். குழப்பமோ வலிப்போ தெரிந்தால் உடனே அவசர உதவி வேண்டும். தாகம் எடுக்கும்போது குடிப்பது என்ற பழைய வழக்கம் பெரும்பாலோருக்குப் போதுமானது.

வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீரைப் பாருங்கள். ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மேலே மந்தை மேயலாம். நுண்குழல் வடிகட்டி ஒரு இரவு உறைந்தால் உள்ளிருக்கும் இழைகள் வெடித்துவிடும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது, தண்ணீர் வழக்கம்போல் வரும், கிருமியும் சேர்ந்து வரும். உறையும் இரவுகளில் வடிகட்டியைத் தூங்கும் பைக்குள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுவழியாகத் தண்ணீரில் கிருமியைக் கொல்லும் குளோரின் டைஆக்சைடு மாத்திரை கொஞ்சம் இருக்கட்டும்.

## டைனமோ இருந்தும் சார்ஜ் ஏறவில்லை

சமதளத்தில் சோதித்துவிட்டுத் திருப்தியடைபவர்கள் மலையில் ஏமாறுவது இங்கேதான். சக்கரத்தின் மையத்தில் இருந்து, அது சுழலும்போது மின்சாரம் தரும் டைனமோ ஹப்பின் தர அளவு 6 வோல்ட், 3 வாட். அது சுமார் 15 கி.மீ. வேகத்துக்கான கணக்கு. மணிக்கு 6 கி.மீ.யில் ஏறும்போது போனுக்குப் பயன்படும்படி ஏறக்குறைய எதுவும் வராது. விட்டு விட்டு வரும் மின்சாரத்தில் சில போன்கள் ஒவ்வொரு முறையும் திரையை எரியவிட்டு, ஏறியதைவிட அதிகம் செலவழித்துவிடும். ஆகவே டைனமோவை நேராகப் போனில் இணைக்காதீர்கள். பவர்பேங்குக்குப் போகட்டும், அங்கிருந்து இரவில் மற்றவற்றுக்கு.

10,000 மில்லிஆம்பியர்-மணி பவர்பேங்க் என்றால் 37 வாட்மணி. மாற்றும்போது இழப்பது போக மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும். நல்ல வேகத்தில் டைனமோ 2.5 வாட் கொடுத்தால் அதை நிரப்பப் பதினைந்து மணி நேரம் ஓட வேண்டும். ஏற்றம் நிறைந்த ஒரு நாளில் ஆறு மணி நேரம் அந்த வேகம் கிடைத்தாலே பெரிது, 15 வாட்மணி. ஒருமுறை போனை நிரப்பவே சரியாகிவிடும். ஒத்திகையில் போன், வழிகாட்டிக் கருவி, விளக்கு மூன்றும் ஒரு நாளைக்கு எவ்வளவு தின்கின்றன என்று எழுதிவையுங்கள். வரவும் செலவும் பொருந்தாவிட்டால் இரண்டாவது பவர்பேங்க், அல்லது இரண்டு நாளுக்கு ஒருமுறை மின்சாரம் இருக்கும் இடத்தில் நிற்பது.

குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கினால் அது பழுதாகவில்லை. உடம்போடு ஒட்டி வைத்துச் சூடானதும் மீளும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் அயன் பேட்டரியை சார்ஜ் செய்வது மட்டும் வேண்டாம், உள்ளே நிரந்தரச் சேதம் ஏற்படும். ஏறவே இல்லையென்றால் ஹப்பின் இணைப்பான், கேபிள் முனை ஆகியவற்றில் தண்ணீரும் மண்ணும் தேடுங்கள். மாற்றுக் கேபிள் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

வழிகாட்டிக் கருவி உறைந்து நிற்பதற்கு அதிகமான காரணம், முழுப் பாதையையும் ஒரே ஜிபிஎக்ஸ் கோப்பாக, அதாவது ஒரே வழித்தடக் கோப்பாக ஏற்றுவது. 150 முதல் 200 கி.மீ. துண்டுகளாக வெட்டுங்கள், தானாக மாற்றுவழி காட்டும் வசதியை அணைத்துவையுங்கள், பதிவை நாள்தோறும் சேமியுங்கள். அதே பாதையும் இணையமில்லா வரைபடமும் போனிலும் இருக்க வேண்டும்.

## டயரில் காற்று நிற்கவில்லை

ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயரில், ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவத்தை எப்போது ஊற்றினீர்கள் என்று நினைவில்லையென்றால் அது காய்ந்துவிட்டது. இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து போகும், வெயிலில் இன்னும் சீக்கிரம். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு புதிதாக ஊற்றுங்கள். காற்று ஏறவே மறுத்தால் வால்வின் உள்மையத்தில் திரவம் உறைந்து அடைத்திருக்கும். அதைக் கழற்றும் சிறு கருவியும் மாற்று மையமும் சேர்ந்து பத்து கிராம்கூட இருக்காது.

திரவம் அடைக்காத ஓட்டைக்கு ரப்பர் திரி சொருகுங்கள். பக்கச்சுவர் கிழிந்தால் திரி நிற்காது. தடித்த ஊசியும் உறுதியான நூலும் கொண்டு தைத்து, உள்ளே தேய்ந்த டயர்த் துண்டு ஒன்றை ஒட்டி, ட்யூப் போட்டு ஓட்ட வேண்டும். ட்யூப் போடும் முன் டயரின் உட்புறம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவுங்கள். திரவம் இதுவரை மூடிவைத்திருந்த முட்கள் எல்லாம் அங்கே குத்திக்கொண்டு இருக்கும், புது ட்யூப் ஐந்து நிமிடம் தாங்காது.

ஒத்திகையில் பஞ்சர் ஆகாவிட்டாலும் ஒருமுறை டயரைக் கழற்றி ட்யூப் மாட்டிப் பாருங்கள், குளிர்ந்த கையால், தலைவிளக்கு வெளிச்சத்தில். வால்வைப் பிடித்திருக்கும் திருகுவளையம் கையால் கழலாத அளவுக்கு இறுகியிருப்பதை வீட்டிலேயே கண்டுபிடிப்பது பெரிய நிம்மதி.

## பிரேக் அலறுகிறது, அல்லது லீவர் உள்ளே போய்விடுகிறது

நனைந்தால் அலறிக் காய்ந்தால் அடங்கினால் விட்டுவிடுங்கள். காய்ந்தும் அலறி, பிடிப்பும் குறைந்திருந்தால் பேடில் எண்ணெய் பட்டிருக்கிறது. செயினுக்குப் போட்ட எண்ணெய் தெறித்திருக்கலாம். பேட் பிடிக்கும் வட்டத் தட்டான ரோட்டரை ஆல்கஹாலால் துடைத்து, பேடை மாற்றுங்கள். எண்ணெய் உறிஞ்சிய பேடை முழுதாக மீட்பது கடினம்.

லீவர் ஹேண்டில்பார் வரை வந்தால் முதலில் பேடின் தடிமன். உராயும் பகுதி 1 மி.மீ. ஆனதும் மாற்றிவிடுங்கள், 0.5 மி.மீ. வரை காத்திருப்பது மலையில் துணிச்சல். ஈரச் சேற்றில் பிசின் கலவையாலான ரெசின் பேட் ஒரே நாளில் முடிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். மண்ணும் மழையும் உள்ள பாதைக்கு, உலோகத் தூளை இறுக்கிச் செய்த சின்டர்டு பேட். உங்கள் ரோட்டர் ரெசின் பேடுக்கு மட்டும் என்று பொறித்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

பேட் நன்றாக இருந்தும் லீவர் பஞ்சுபோல் அமுங்கினால் பிரேக்கின் திரவக் குழாயில் காற்று. சைக்கிளைத் தலைகீழாக வைத்தாலும் இது நேரும். நிமிர்த்தி லீவரைப் பலமுறை அழுத்திப் பார்த்து, தேறாவிட்டால் திரவத்தை மாற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதை வழியில் செய்ய முடியாது, புறப்படும் முன் செய்யுங்கள். உங்கள் பிரேக் மினரல் ஆயில் வகையா, டாட் திரவ வகையா என்பதைக் கண்டிப்பாகத் தெரிந்துவைத்திருங்கள். ஒன்றில் மற்றதை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் கெட்டு பிரேக் முழுவதும் பாழாகும்.

நீண்ட இறக்கத்தில் போகப் போக லீவர் தளர்ந்தால் சூடு ஏறிவிட்டது. நின்று ஆறவிடுங்கள். சுமை ஏற்றிய சைக்கிளில் பிரேக்கை லேசாக உரசிக்கொண்டே இறங்கக் கூடாது. கொஞ்சம் ஓடவிட்டு, அழுத்திப் பிடித்து, மீண்டும் விட வேண்டும். புதுப் பேடைப் பந்தயத்தின் முதல் இறக்கத்தில் சோதிக்காதீர்கள். மிதமான வேகத்திலிருந்து பதினைந்து இருபது முறை பிடித்துப் பிடித்து அதைப் பழக்க வேண்டும்.

## கியர் தாவுகிறது, ஏதோ தளர்ந்து சத்தமிடுகிறது

மிதிக்கும்போது செயின் எல்லாக் கியரிலும் வழுக்கினால் தேய்மானம். செயின் தேய்மான அளவுகோலில் 0.5 சதவீதம் காட்டினால் 11, 12 வேகச் செயினை மாற்றிவிடுங்கள். ஓரிரு கியரில் மட்டும் தடுமாறினால் கேபிள் இழுவையைக் கால் சுற்று திருத்துங்கள். சைக்கிள் வலப்பக்கம் விழுந்த பிறகு தொடங்கியிருந்தால், பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிணைக்கும் டீரெய்லர் ஹேங்கர் வளைந்திருக்கிறது. உங்கள் சட்டத்துக்கென்றே உள்ள ஹேங்கர் ஒன்று பையில் இல்லாமல் புறப்படாதீர்கள், பெரும்பாலானவை வேறு சட்டத்துக்குப் பொருந்தாது, வழியில் கிடைப்பதும் அரிது. கம்பியில்லா கியர் என்றால் லீவருக்குள் இருக்கும் காசு வடிவப் பேட்டரியை மறக்காதீர்கள்.

பை ஆடினால் கனமான சாமான் பின் நுனியில் இருக்கிறது. அதைச் சீட்போஸ்டை ஒட்டி அடியில் வையுங்கள், தூங்கும் பை போன்ற லேசானது நுனிக்குப் போகட்டும். போல்ட்டுகளுக்குத் திருகுப் பசை போட்டு ஒவ்வொரு மாலையும் கையால் ஒரு சுற்று பாருங்கள். முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையில் மாட்டிய தாங்கியின் போல்ட் கழன்றால் பை சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிக்குள் போகும், அது வெறும் சத்தப் பிரச்சினை அல்ல.

## இரவில் நடுக்கம், மேலே தலைவலி

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். 1,300 மீட்டர் பள்ளத்தாக்கில் 22 டிகிரியில் வியர்த்து ஏறத் தொடங்குபவர், 3,800 மீட்டர் கணவாயில் 6 டிகிரியில் ஈரச் சட்டையோடு நிற்கிறார். அடுத்தது இறக்கம்: மிதிப்பதில்லை, உடம்பில் சூடு பிறப்பதில்லை, எதிர்க்காற்று. ஆடையை உச்சியில் மாற்றுவது தாமதம், அதற்கு முந்தைய மறைவான வளைவிலேயே மாற்றிவிடுங்கள். பேச்சு குழறுகிறது, ஜிப்பை இழுக்க விரல் வரவில்லை, தடுமாறுகிறீர்கள் என்றால் உடல்வெப்பம் ஆபத்தாகக் குறைகிறது. அந்த நேரத்தில் முடிவெடுக்கும் மூளையும் குளிர்ந்திருக்கும் என்பதால் விதியை இப்போதே எழுதிவையுங்கள்: ஜிப் வரவில்லையென்றால் நின்று, காற்று படாத இடத்தில், உலர்ந்த உடைக்கு மாறித் தூங்கும் பைக்குள் போக வேண்டும்.

கிர்கிஸ்தானில் 2018இல் தொடங்கிய சில்க் ரோடு மவுண்டன் ரேஸ் போன்றவற்றில் 3,000 மீட்டருக்கு மேலேயே நீண்ட நேரம் கழியும். 3,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 63 சதவீதம்தான். தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை மூன்றும் சேர்ந்தால் உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மேலே ஏறாதீர்கள். நேர்க்கோட்டில் குதிகாலும் நுனியும் தொட நடந்து பாருங்கள். நடக்க முடியாவிட்டால் மூளையில் நீர் கோக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில். இரண்டுக்கும் உடனே கீழே இறங்க வேண்டும், இரவானாலும், பந்தயம் முடிந்துபோனாலும். முடிந்தால் சில நாள் முன்னதாகப் போய் உயரத்தில் தூங்கிப் பழகுங்கள், கணவாயைக் கடந்து தாழ்ந்த இடத்தில் படுக்கும்படி திட்டமிடுங்கள்.

## இல்லாதவை கண்ணுக்குத் தெரிகின்றன

பாறை விலங்காகிறது, மரத்தடியில் யாரோ நிற்கிறார்கள். இரண்டாம் மூன்றாம் இரவில் இது பலருக்கும் வரும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறொன்று: கடந்த ஒரு கி.மீ. நினைவில் இல்லாமல் போவது. ஓட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறீர்கள். ஒரு முறை நடந்தாலே இறங்கிவிடுங்கள். ஏற்றத்தில் கீழே விழுந்தால் சிராய்ப்போடு போகும், இறக்கத்தில் அப்படி இல்லை. காபி குடித்தால் வேலை செய்ய இருபது முப்பது நிமிடம் ஆகும், குடித்த கையோடு இருபது நிமிடம் படுத்து எழுந்தால் இரண்டும் ஒன்றாகக் கைகொடுக்கும். அதற்கும் தெளியாவிட்டால் ஒன்றரை மணி நேரத் தூக்கம்.

ஒத்திகையில் இதைப் பழகவென்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், அதற்குப் பயிற்சி கிடையாது. பழக வேண்டியது படுக்கும் வேலை. நிறுத்தியதிலிருந்து பைக்குள் புகும் வரை எத்தனை நிமிடம், எழுந்ததிலிருந்து முதல் மிதி வரை எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பாருங்கள். முதல் இரவு எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தூங்கும் பை எந்தப் பைக்குள், தலைவிளக்கு எந்தப் பக்கம், ஈரச் சட்டை எங்கே என்று எல்லாவற்றுக்கும் ஓர் இடம் வைத்த பிறகு இருபது நிமிடத்தில் முடிந்தது. மிச்சமான நாற்பது நிமிடமும் தூக்கத்துக்கே போய்ச் சேர்ந்தது.